ஜிலாலியின் சர்வருக்கு நோன்பு கிடையாது

கடைசியாக இருவரும் சேர்ந்து செய்த வேலை, ஒரு மின்விசிறியைத் துடைத்தது.

சனிக்கிழமை மதியம். ஆலையில் ஆள் இல்லை. ஜிலாலி சர்வரின் பக்கத் தகட்டைக் கழற்றித் தரையில் வைத்தார். மகள் லுப்னா டார்ச் பிடித்தாள். மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் தூசி உதிராது. எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கம்பளித் துண்டு போலப் படியும். வண்ணம் அடிக்கும் தூரிகையால் அவர் அதைச் சுரண்டி எடுத்தார்.

"மேல காட்டு. என் கண்ணுல இல்ல, விசிறியில."

"உங்க கைதான்ப்பா மறைக்குது."

"கை இல்லாம எப்படித் துடைக்கிறதாம்? கஸபிளாங்காவுல நீங்க கண்ணாலயே துடைச்சிடுவீங்களோ?"

லுப்னா கஸபிளாங்காவில் ஐந்நூறு சர்வர் உள்ள நிலையம் ஒன்றில் பொறியாளர். அங்கே யாரும் தூரிகை வைத்திருக்கவில்லை. விசிறி கெட்டால் மாற்றிவிடுவார்கள். அவள் அதைச் சொன்னாள்.

"ஐந்நூறுல ஒண்ணுக்காவது பேர் தெரியுமா உனக்கு?"

"பேரெல்லாம் இல்ல. எண் இருக்கு."

அவர் சிரித்தார். தகட்டை மாட்டினார். நான்கு திருகில் மூன்றுதான் இருந்தன. பிறகு இருவரும் கை கழுவினார்கள். இரண்டு முறை கழுவியும் வாடை போகவில்லை. ஞாயிறு காலை அவள் கஸபிளாங்காவுக்குக் கிளம்பினாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை, ஆலைக்குப் போகும் பேருந்தில், தன் நிறுத்தம் வருவதற்கு முன்பே வழக்கம் போல எழுந்து நின்ற ஜிலாலி மறுபடி உட்கார்ந்தார். அப்புறம் எழவில்லை. அறுபத்தொரு வயது.

அவர் இறந்த பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்கு, துக்கத்துக்கு வந்து அம்மாவோடு தங்கியிருந்த லுப்னாவின் தொலைபேசி அடித்தது. ஆலையின் தலைமைக் கணக்கர் ஹம்மாதி. மரியாதைக்கு 'ஸி' சேர்த்துத்தான் அவரைக் கூப்பிடுவார்கள்.

"மகளே, இந்த நேரத்துல கூப்பிடக் கூடாது. எனக்குத் தெரியும். ஆனா ஒரு கம்ப்யூட்டரும் உள்ள விட மாட்டேங்குது."

"என்ன சொல்லுது?"

"பாஸ்வேர்டு தப்புங்குது. எல்லாருக்கும். எனக்கும். இருபது வருஷமா அதே பாஸ்வேர்டு!"

"அதை வெளிய சொல்லாதீங்க, ஸி ஹம்மாதி. வேற?"

"ரெண்டு லாரி மத்தி துறைமுகத்துல ஏத்துறாங்க. பதினாலு டன். முதல் பிடிப்பு."

லுப்னா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். மீன்பிடித் தடை இரண்டு மாதம் ஓடியிருந்தது. அந்த இரண்டு மாதமும் ஆலையில் மீன் அறுக்கும் பெண்களுக்கு வேலை இல்லை. அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. அறுத்த எடைக்குத்தான் கூலி. மீன் உள்ளே போகவேண்டுமானால் ஒவ்வொரு லாரிக்கும் ஒரு தொகுதி எண் போட்டு, படகின் பெயர், நேரம், ஐஸின் குளிர் எல்லாம் எழுதிய தாளை அச்சிட வேண்டும். அதில் சுகாதார ஆய்வாளர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பதிவேடு, அச்சிடும் படிவம், பெட்டிகளில் ஒட்டும் சீட்டு எல்லாமே சர்வரில் இருந்தன.

"கையால எழுதினா?"

"ஏத்துமதிக்கு ஒத்துக்க மாட்டாங்க. ஆய்வாளர் பத்து மணி வரைக்கும் இருப்பார். அதுக்கு மேல ஐஸும் தாங்காது. முதலாளி ஹாஜ் சொல்லிட்டார், பத்துக்குள்ள ஆகலைன்னா லாரி ரெண்டும் மீன்மாவு ஆலைக்குப் போகட்டும்னு."

மீன்மாவு ஆலையில் அறுப்பதற்கு எதுவும் இல்லை. கொட்டி அரைத்துவிடுவார்கள்.

சமையலறையில் அம்மா வெள்ளை உடையில் நின்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். விதவைக்கான வெள்ளை. அவள் எல்லாம் கேட்டுவிட்டிருந்தாள்.

"போ. அவரா இருந்தா செருப்பு மாட்டக்கூட நின்னிருக்க மாட்டார்."

ஆலை வாசலுக்கு அவள் எட்டு மணிக்கு வந்தபோது லாரி இரண்டும் எடைமேடையைத் தாண்டி நின்றன. அடியில் ஐஸ் தண்ணீர் சொட்டியது. மதிலோரம் முழுக்கப் பெண்கள், ரப்பர் பூட்ஸைக் கையில் பிடித்தபடி. நோன்பு தொடங்க இன்னும் ஆறு நாள் இருந்தது. ஆனால் ரமலானுக்காக ஊரின் கடிகாரங்களை நேற்று ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிவிட்டார்கள். அதனால் பாதிப் பேர் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நின்றிருந்தார்கள்.

முன்னால் நின்ற தடித்த பெண் அவள் கையைப் பிடித்தாள். பெண்கள் பகுதிக்கு மேஸ்திரி, மஹ்ஜூபா. அடக்கத்தன்று வீட்டுக்கு வந்தவள்.

"ஜிலாலி பொண்ணா நீ? சரியாயிடுமா?"

"பாக்கணும், லல்லா," என்றாள், மூத்த பெண்களை அழைக்கும் மரியாதையோடு.

"பார்த்துட்டுச் சொல்லு. இவளுக நூத்தியெண்பது பேரும் ரெண்டு மாசமா பாத்துக்கிட்டுத்தான் இருக்காளுக."

சர்வர் இருந்த அறை முன்பு தக்காளிச் சாறு வைக்கும் கிடங்கு. ஜன்னல் கிடையாது. ஜிலாலியும் முன்பு கிடங்குக்காரர்தான். இருபது வருடத்துக்கு முன் ஹாஜ் ஒன்பது விண்டோஸ் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். ஒவ்வொரு எழுத்தரும் ஒவ்வொரு பதிவேடு வைத்துக்கொண்டார்கள். கிடங்கில் எண்ணெய் எத்தனை பீப்பாய் என்று கேட்டால் நான்கு பேர் நான்கு எண் சொன்னார்கள். நான்கு பேரும் ஜிலாலியைத்தான் திட்டினார்கள். அந்தக் கோபத்தில்தான் அவர் தொடங்கினார். ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையோடு இலவசமாக வந்த வட்டில் லினக்ஸ் இருந்தது. ஒதுக்கிப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அதை ஏற்றினார். பள்ளிப் படிப்போடு நின்றவர். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு மூன்று குளிர்காலம் படித்தார். நான்காம் வருடம் கோப்புகள் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்தன. யார் உள்ளே வரலாம், யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்று தீர்மானிக்கும் காவலும் அந்த ஒரே பெட்டிக்கு வந்தது. பெட்டி இரண்டு முறை மாறியது. ஆள் மாறவில்லை.

ஹம்மாதி இரும்புப் பெட்டகத்திலிருந்து ஓர் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். சர்வரின் தலைமைக் கடவுச்சொல். ஜிலாலி தன் கையால் எழுதி ஒட்டிக் கொடுத்து வைத்திருந்தது. உறையின் வாயில் புதிய பசைநாடா ஒன்று ஒட்டியிருந்தது. லுப்னா அதைப் பார்த்தாள். அப்பாவின் கையெழுத்தையும் பார்த்தாள். நாடாவை மறந்துவிட்டாள்.

"யாராவது சர்வரைத் தொட்டீங்களா?"

"இல்லையே. யாரு தொடப்போறா?" என்றார் ஹம்மாதி.

அவள் வரிசையாகப் பார்த்தாள். நெட்வொர்க் கம்பியில் விளக்கு எரிகிறது. வட்டில் இடம் இருக்கிறது. பெயர் சொன்னால் முகவரி கிடைக்கிறது. கோப்புகளைத் தரும் சேவை ஓடுகிறது. காவல் சேவையும் ஓடுகிறது. பதிவைத் திறந்தாள். வட்டு சிறியது என்பதால் அப்பா பதிவைச் சுருக்கமாக வைத்திருந்தார். மறுக்கப்பட்டது, மறுக்கப்பட்டது, மறுக்கப்பட்டது. ஏன் என்று இல்லை. கடைசி வரியின் நேரம் ஏழு பன்னிரண்டு. அவள் கைப்பேசியில் எட்டு பன்னிரண்டு.

ஒரு மணி பின்னால். அவள் கண் அதில் நிற்கவில்லை. அப்பாவின் சர்வர் எப்போதும் ஊருக்கு ஒரு மணி பின்னால்தான் ஓடும். அதை அவர் கிரீன்விச் மணியிலேயே விட்டுவைத்திருந்தார். வருடத்துக்கு இரண்டு முறை ஊர் ஆடும் கடிகார ஆட்டத்தில் அதைச் சேர்க்கவில்லை. எழுத்தர்கள் கேலி செய்வார்கள்: "உங்க சர்வர் என்ன லண்டன்காரனா, ஸி ஜிலாலி?" அவர் சொல்லுவார்: "சர்வருக்கு நோன்பும் கிடையாது, பெருநாளும் கிடையாது. அது பாட்டுக்கு ஒரே மணியில இருக்கும். ஆடுறது நாமதான்."

எட்டரை. சேவைகளை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டாள். மாற்றமில்லை. எட்டே முக்காலுக்குச் சர்வரையே அணைத்து எழுப்பினாள். எழுந்து வர நான்கு நிமிடம் ஆனது. அந்த நான்கு நிமிடமும் அவள் எழுந்து நின்று விசிறியின் சத்தத்தைக் கேட்டாள். சுத்தமாகச் சுற்றியது.

மாற்றமில்லை.

"எல்லா மெஷினும் இப்படித்தானா? ஒண்ணாவது வேலை செய்யுதா?"

"வாசல்ல எடைமேடை மெஷின் செய்யுது," என்றார் ஹம்மாதி. "அதை யாரும் அணைக்கிறதே இல்ல. அது நல்லாத்தான் இருக்கு. அப்படின்னா சர்வர் சரி, ஆபீஸ் மெஷின்லதான் கோளாறுன்னு ஆகுது, இல்லையா? அதான் நான் அச்சு எடுக்கிற மெஷினைச் சர்வரோட பட்டியல்லேர்ந்து, அந்த டொமைன்லேர்ந்து, கழட்டிட்டேன். திரும்பச் சேத்துடலாம்னு. இப்ப அடுத்ததைக் கழட்டப் போறேன்."

"கழட்டிட்டீங்களா?"

"உங்கப்பா ஒரு தடவை அப்படித்தான் சரிபண்ணினார்."

"கையை எடுங்க. எந்த மெஷினையும் தொடாதீங்க. உட்காருங்க, ஸி ஹம்மாதி."

அவர் உட்கார்ந்தார். அவருக்கு ஐம்பத்தைந்து வயது. அவளைத் தோளில் தூக்கிக் கடற்கரைக்குக் கொண்டுபோனவர். அவள் குரல் உயர்ந்ததற்கு இருவருமே வெட்கப்பட்டார்கள்.

ஒன்பது ஐந்து. வெளியே ஒரு லாரி இயந்திரத்தை உறுமவிட்டது. பெண்கள் கூட்டத்திலிருந்து சத்தம் எழுந்தது. தாழ்வாரத்தில் ரப்பர் செருப்பு படபடக்க ஓட்டுநர் பூஷைப் அறைக்குள் வந்தார். இரண்டு கையிலும் இரண்டு சீட்டு.

"இங்க மணி பாக்கத் தெரிஞ்ச ஆள் யாராவது இருக்கீங்களா?"

"போய்யா, நாங்க எந்த அவஸ்தையில இருக்கோம்," என்றார் ஹம்மாதி.

"உன் அவஸ்தை உனக்கு. அந்த ஆய்வாளர் டாக்டர் என் சீட்டைத் தூக்கி மூஞ்சியில எறிஞ்சிட்டார். இதப் பாரு. துறைமுகத்துச் சீட்டு: ஏழு பதினஞ்சுக்கு நான் கிளம்பினேன். இது உங்க எடைமேடைச் சீட்டு: ஆறே முக்காலுக்கு நான் வந்து சேந்துட்டேன்! கிளம்புறதுக்கு முன்னாலயே வந்துட்டேன்! என் லாரிக்கு றெக்கையா முளைச்சிருக்கு? நோன்பு வர இன்னும் ஆறு நாள் இருக்கு, உங்க மெஷினுக்கு இப்பவே மயக்கமா?"

"காட்டுங்க," என்றாள் லுப்னா.

ஆறே முக்கால். லாரி வந்தது ஏழே முக்காலுக்கு. ஒரு மணி நேரம் குறைவு. எடைமேடைக் கம்ப்யூட்டர் தன் நேரத்தைச் சர்வரிடமிருந்துதான் வாங்கி, ஊர் மணியாக மாற்றி அச்சிடுகிறது. சர்வர் கிரீன்விச் மணி. ஊர் எப்போதும் அதற்கு ஒரு மணி முன்னால். ஆனால் நேற்று ஊர் ஒரு மணி பின்னால் வந்துவிட்டது.

அப்படியானால் ஊர் இப்போது கிரீன்விச் மணியில் இருக்கிறது. வருடத்தில் ரமலானையொட்டிய இந்தச் சில வாரம் மட்டும் அப்பாவின் சர்வரும் ஊரும் ஒரே மணி காட்ட வேண்டும். பின்னால் இருக்கவே கூடாது.

வந்ததும் அதைப் பார்த்திருந்தாள். வழக்கம்தான் என்று கடந்து போயிருந்தாள். ஐம்பத்தைந்து நிமிடம் போயிற்று.

சர்வரில் யார் என்ன கட்டளை அடித்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தாள். ஞாயிறு. கையால் நேரத்தை மாற்றிய ஒரே வரி. இணையத்தைப் பார்த்து நேரத்தைத் திருத்தும் சேவை, வித்தியாசம் அளவுக்கு மீறிப் போனதும் தானே நின்றிருந்தது. காவல் சேவை ஐந்து நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும். அதைத் தாண்டினால் சரியான கடவுச்சொல்லையும் நம்பாது. வாரக் கடைசியில் அணைத்து வைத்திருந்த அலுவலகக் கம்ப்யூட்டர்கள் இன்று காலை சரியான நேரத்தோடு விழித்தன. அதனாலேயே வெளியே நிறுத்தப்பட்டன. அணைக்காத எடைமேடை மட்டும் சர்வரோடு சேர்ந்து தவறியிருந்தது. அதனால் உள்ளே இருந்தது.

அவள் நேரத்தைத் திருத்தினாள். சேவைகளை எழுப்பினாள். ஒன்பது பதினெட்டு.

"எல்லா மெஷினையும் அணைச்சுப் போடச் சொல்லுங்க. ஸி பூஷைப், நீங்க வாசல் மெஷின்ல போய் நில்லுங்க. மணி சரியானதும் புதுச் சீட்டு வாங்கிக்குங்க. பழைய சீட்டைக் கிழிக்காதீங்க, டாக்டர் கேப்பார்."

"இந்தப் பொண்ணுக்கு மணி பாக்கத் தெரியுது," என்று ஹம்மாதியிடம் சொல்லிவிட்டு ஓட்டுநர் ஓடினார்.

மற்ற கம்ப்யூட்டர்கள் உள்ளே போயின. அச்சுக் கம்ப்யூட்டர் போகவில்லை. அதைத்தான் ஹம்மாதி கழற்றியிருந்தாரே. அவள் அலுவலக அறைக்குப் போய் அதன் முன்னால் உட்கார்ந்தாள். திரும்பச் சேர்த்தாள். அணைந்து எழ வேண்டும் என்றது. பழைய கம்ப்யூட்டர், எழுவதற்கு ஆறு நிமிடம். எழுந்தது. அச்சு இயந்திரத்தைக் காணவில்லை என்றது. சுட்டிக் காட்டினாள். மறுபடி அணைந்து எழ வேண்டும் என்றது. ஒன்பது முப்பத்தெட்டு. ஜன்னல் வழியே ஆய்வாளர் தன் காரின் பின்கதவைத் திறந்து பையை உள்ளே வைப்பது தெரிந்தது. ஹம்மாதி படியிறங்கி அவரிடம் போனார். என்ன சொன்னாரோ, அவர் கை இரண்டும் நெஞ்சில் இருந்தன. ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காரில் சாய்ந்து நின்றார்.

ஒன்பது நாற்பத்தாறுக்கு முதல் தாள் சூடாக வெளியே வந்தது. ஒன்பது ஐம்பத்து மூன்றுக்கு ஆய்வாளர் இரண்டாவது தாளிலும் கையெழுத்துப் போட்டார். வாசல் திறந்தது. நூற்றெண்பது ஜோடி பூட்ஸ் சிமெண்டுத் தரையில் ஓடும் சத்தம், லுப்னா திரும்பி வந்திருந்த கிடங்கு அறை வரை கேட்டது.

ஹம்மாதி வாசற்படியில் நின்றார். உள்ளே வரவில்லை.

"நான்தான்."

"தெரியும்."

"உறையை நான்தான் திறந்தேன். ஒவ்வொரு வருஷமும் மணி மாறுற ஞாயித்துக்கிழமை அவர் தனியா வருவார். நேரா இங்க வந்து உட்காருவார். சர்வருக்கும் மணியைத் திருப்பத்தான் வர்றார்னு நெனச்சேன். இந்த வருஷம் யாரு வருவா? அதான் நானே வந்து, ஒரு மணி பின்னால தள்ளி... அவருக்காகத்தான் செஞ்சேன், மகளே."

மேசை இழுப்பறையில் அப்பாவின் நோட்டு இருந்தது. லுப்னா புரட்டி அவரிடம் நீட்டினாள். ஒவ்வொரு வருடமும் அந்த ஞாயிறன்று ஒரே வரி. தேதி, பிறகு: பார்த்தேன். மாற்றவில்லை.

ஹம்மாதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"மாத்தாம இருக்கிறதுக்காகவா ஒரு மனுஷன் லீவு நாள்ல பஸ் ஏறி வருவான்?"

"நானும்தான் தப்பா பாத்தேன், ஸி ஹம்மாதி. வந்த உடனே மணி கண்ணுல பட்டுச்சு. அதுதான் வழக்கம்னு விட்டுட்டேன். அந்த உறையைப் புதுசா ஒட்டிப் பெட்டகத்துல வைங்க. பாஸ்வேர்டை மாத்தி எழுதி உள்ள வெச்சிருக்கேன்."

"எனக்குச் சொல்லாத."

"சொல்லல."

அவர் போனார். லுப்னா நோட்டில் இன்றைய தேதியை எழுதி, நடந்ததை நான்கு வரியில் பதிந்தாள். அவள் திரும்பிப்போக வேண்டிய கஸபிளாங்கா பேருந்து பன்னிரண்டரைக்கு. கை வாடை அடித்தது. மீனையோ எண்ணெயையோ தொடாமலே எப்படி ஒட்டிக்கொண்டதோ தெரியவில்லை.

கதவில் முழங்கையால் இடித்துக்கொண்டு மஹ்ஜூபா வந்தாள். கையுறை முழுக்கச் செதில். அறுக்கும் வரிசையை விட்டு அரைநிமிடம் வந்திருந்தாள்.

"கடவுள் உனக்கு நல்லது செய்யட்டும். ஒண்ணு கேக்கணும். வேலை சம்பந்தமா."

"கேளுங்க."

"உங்கப்பா எனக்கு இந்தப் பெட்டியில ஒரு பேரு வெச்சுத் தர்றேன்னார். எங்க எடையை நாங்களே பாத்துக்க. இப்ப நாங்க அறுக்கிறோம், கூடை தராசுக்குப் போகுது, எண் ஆபீஸுக்குப் போகுது. வாரக் கடைசியில குறைச்சுச் சொன்னா நான் என் நோட்டைக் காட்டணும். அது கோழி கிறுக்கினதுங்கிறாங்க. ஹாஜ்கிட்ட அவரே பேசி ஒத்துக்க வெச்சார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வா, ரகசிய வார்த்தையை உன் விரலால நீதான் அடிக்கணும், எனக்குக்கூடத் தெரியக் கூடாதுன்னார். அவர் வியாழக்கிழமையே..."

"உங்களுக்கு எழுத வருமா, லல்லா?"

"எழுத்து வராது. எண் வரும். நூறு கூடையைப் பாக்காமக் கூட்டுவேன். அதையும் அவர்கிட்டச் சொல்லித்தான் இருந்தேன்."

லுப்னா பயனர் பட்டியலைத் திறந்தாள். இருபத்து மூன்று பெயர். கடைசிப் பெயர் மஹ்ஜூபா. உருவாக்கியது புதன்கிழமை மாலை நான்கு இருபதுக்கு, அவர் இறந்ததற்கு முந்தைய நாள். எடைப் பதிவேட்டைப் பார்க்கலாம், திருத்த முடியாது. கடவுச்சொல்லில் எழுத்தும் எண்ணும் குறியும் கலந்திருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் உள்ள விதி. ஹாஜுக்கும் அதே விதிதான். இந்த ஒரு பெயருக்கு மட்டும் தனி விதி எழுதியிருந்தார்: எண் மட்டும் போதும், பன்னிரண்டு இலக்கம். கஸபிளாங்காவில் யாராவது இப்படி ஒரு விதி கேட்டு வந்திருந்தால் லுப்னா திருப்பி அனுப்பியிருப்பாள்.

"உங்க பேர் இருக்கு. எல்லாம் செஞ்சு வெச்சிருக்கார். நீங்க எண்ணை அடிக்கிறது மட்டும்தான் பாக்கி."

மஹ்ஜூபா கையுறையைக் கழற்றப் போனாள். நிறுத்திக்கொண்டாள். தாழ்வாரத்திலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். இரண்டாவது லாரியைக் கொட்டத் தொடங்கியிருந்தார்கள்.

"இப்ப முடியாது. பதினாலு டன் கெடக்கு. சாயங்காலம் ஆயிடும். நீ இருப்பியா?"

"இருக்கேன், லல்லா. போங்க."

அவள் ஓடினாள். லுப்னா கதவைச் சாத்திவிட்டு நாற்காலியைத் திரைக்கு இழுத்துப் போட்டாள். மஹ்ஜூபாவின் பெயருக்கு நேரே இரண்டு வரி இருந்தது. கடவுச்சொல்: இல்லை. கடைசியாக உள்ளே வந்தது: ஒருபோதும் இல்லை.